காப்பாத்தினவங்களே பொறி வெச்சா..?

இந்த வாரம் கொஞ்சம் வில்லங்கமான மேட்டர். படிச்சு முடிச்சதும் உங்க கேங் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு சண்டை போட்டா, கம்பெனி பொறுப்பில்லை!

ஒரு விலங்கு... ஒரு ஊர்ல கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சுனு வெச்சுக்குங்க. அந்த ஊர் அரசாங்கம் காசு செலவழிச்சு, வெளியூர்ல இருந்து அதைப் பிடிச்சுட்டு வந்து ஆத்துல விடுது. அதுவும் குடும்பம், குட்டினு அமோகமா பெருகுது. பதினாலு வருஷம் கழிச்சு அதே அரசாங்கம், 'இனிமே இதைப் பொறி வெச்சுப் பிடிக்கலாம், தோலை உரிச்சு விக்கலாம்'னு அறிவிக்குது.

'அடப்பாவிகளா!'னு கத்துவீங்களா? இல்லை, 'அதான் பெருகிடுச்சே, அப்புறம் என்ன?'னு தோளைக் குலுக்குவீங்களா?

கற்பனை இல்லைங்க. அமெரிக்காவுல இருக்கற மிசௌரி மாநிலத்துல 1996-ல் நிஜமாவே நடந்தது. கதையின் நாயகன்... நீர்நாய்!

வான்கோழி கொடு, நீர்நாய் எடு!

வட அமெரிக்க ஆறுகளில் வாழ்கிற நீர்நாய், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். விரல்களுக்கு நடுவில் வாத்து மாதிரி சவ்வு, துடுப்பு மாதிரி கனமான வால். சேத்து மேட்டுல இருந்தும் பனிச் சரிவுல இருந்தும் வயித்தால சறுக்கி விளையாடும். பார்த்தா 'ஐயோ செல்லம்'னு கொஞ்சத் தோணும். ஆனா மீனுக்கும் நண்டுக்கும் அது எமன்.

அதுக்கு எமனா வந்தது அதோட ரோமம்தான். மேலே நீளமான முடி, கீழே நெருக்கமான மெத்து மெத்துனு இன்னொரு அடுக்கு. நடுவுல காத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, உடம்புக்குத் தண்ணி படாம பார்த்துக்கும். இந்த அருமையான ரெயின்கோட்டுக்கு ஐரோப்பிய மார்க்கெட்டில் நல்ல விலை. சீசன் கிடையாது, அளவு கிடையாது, கேக்க ஆளும் கிடையாது. பிடிச்சுத் தள்ளினார்கள். போதாக்குறைக்குச் சதுப்பு நிலங்களை வடிகட்டி வயலாக்கினார்கள். 1936-ல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது மிசௌரி மாநிலம் முழுக்க மிச்சமிருந்தவை சுமார் 70. ஒரு காலேஜ் கிளாஸ் ரூமில் அடைத்துவிடலாம்!

1982-ல் மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை களத்துல இறங்கியது. முதல் கட்டமா 20 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்படியே 1992 வரை மொத்தம் 845. பெரும்பாலும் லூசியானா மாநிலத்துச் சதுப்பில் பிடித்தவை. இதுல ஒரு பண்டமாற்று காமெடியும் உண்டு. கென்டக்கி மாநிலத்துக்குக் காட்டு வான்கோழி தேவை, மிசௌரிக்கு நீர்நாய் தேவை. 'நீ அதைக் கொடு, நான் இதைக் கொடுக்கறேன்'னு மாத்திக்கிட்டார்கள். நம்ம ஊர்ல உப்புக்கு நெல் மாத்தின மாதிரி!

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த நீர்நாய்களை லூசியானாவுல உயிரோட பிடிச்சுக் கொடுத்தது யார்? பொறி வைக்கிற தொழில்காரர்கள்தான். எதால் பிடித்தார்கள்? காலைக் கவ்வும் பொறியால்தான். ஆக, வில்லன்னு நாம நினைக்கிற ஆளும் அவர் கையில இருக்கற வில்லங்கமான சாமானும் இல்லாம இந்த மீட்பே நடந்திருக்காது.

சரி, செலவுக்கு? மிசௌரி மக்கள் 1976-ல் ஓட்டுப் போட்டு, தாங்களே ஒரு வரியைத் தலையில் ஏத்திக்கிட்டவர்கள். விற்பனை வரியா நூறு டாலருக்கு பன்னிரண்டரை சென்ட், நேரா இயற்கைப் பாதுகாப்புக்கு. வேட்டைக்குப் போறவர், மீன் பிடிக்கறவர் மட்டும் இல்லை... சோப்பு வாங்கற பாட்டியும் இதுல பங்குதாரர். இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

தேவதை பிசாசான கதை

விட்ட நீர்நாய்கள் பிழைக்குமானு கவலைப்பட்டவர்களுக்கே ஆச்சரியம். ஆத்தோட போய், ஓடையோட ஏறி, எதிர்பார்த்ததை விட வேகமா பரவின. மிசௌரியில் விவசாயிகளும் பண்ணைக்காரர்களும் வெட்டி வைத்த பண்ணைக் குட்டைகள் லட்சக்கணக்கில் உண்டு. கெளுத்தி, பாஸ்னு மீன் வளர்ப்பார்கள். ஆத்துல மீனைத் துரத்திப் பிடிக்கணும். குட்டையில மீன் தப்பிச்சுப் போக வழி ஏது? ஒரு நீர்நாய் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ தின்னும். நாலு பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் டேரா போட்டால் என்ன ஆகும்? ஓசி ஹாஸ்டல் மெஸ்தான்!

குட்டைக்காரர்கள் கொதித்தார்கள். தெற்கே ஓசார்க் மலைப் பகுதி ஓடைகளில் தூண்டில் போடுகிறவர்களும் சேர்ந்துக்கிட்டார்கள். அங்கே இருக்கற பாஸ் மீன் மெதுவா வளர்கிற ரகம். பெரிய மீன் ஒண்ணு போனால் அந்த இடத்துக்கு இன்னொண்ணு வர வருஷக் கணக்காகும். நேத்து வரைக்கும் 'செல்லக் குட்டி'யா இருந்த நீர்நாய், இப்போ 'திருட்டுப் பய' ஆயிடுச்சு.

1996 நவம்பரில் பொறி சீசன் திறந்தது. விலங்கு நல அமைப்புக்காரங்க கோர்ட்டுக்குப் போனார்கள். ஆனாலும் சீசன் நிக்கலை. அந்த முதல் சீசனிலேயே பிடிபட்டவை ஆயிரத்துக்கும் மேல். அதாவது, பதினோரு வருஷமா கொண்டுவந்து விட்ட மொத்த எண்ணிக்கையை விட ஒரே குளிர்காலத்துல பிடிச்சது அதிகம்!

'எங்க வரிப் பணத்துல கொண்டுவந்தது... யாரோ தோல் வியாபாரிக்கா?'னு ஒரு பக்கம். 'என் குட்டையில மீனே இல்லை, நீ வந்து பதில் சொல்றியா?'னு இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் அதே வரி கட்டறவங்க. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. அதுதான் சிக்கலே.

ஒரு கேள்வி இல்லை, ரெண்டு!

இந்தச் சண்டையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே ரெண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கு.

ஒண்ணு: இத்தனையைப் பிடிச்சா இந்த இனம் தாங்குமா? இது கணக்கு. உயிரியல் படிச்சவங்க பதில் சொல்லிடலாம்.

ரெண்டு: அந்தப் பொறியில மாட்டற ஒரே ஒரு நீர்நாய்க்கு நாம செய்யறது நியாயமா? இதுக்கு எந்தக் கால்குலேட்டர்லயும் பட்டன் கிடையாது.

முதல் கேள்விக்கான பதிலை எடுத்து ரெண்டாவதுக்கு ஒட்டறாங்க பாருங்க, அங்கதான் டிபேட் நாசமாகுது. 'எண்ணிக்கை நல்லா இருக்கு, அதனால கொல்றது சரி' என்பது ஒரு தாவல். 'எனக்குப் பாவமா இருக்கு, அதனால இனமே அழிஞ்சுடும்' என்பது இன்னொரு தாவல். ரெண்டுமே செல்லாது!

முதல்ல கணக்குக்கு வருவோம். நீர்நாய் எலி மாதிரி இல்லை. பெட்டை குட்டி போடத் தயாராகவே சுமார் ரெண்டு வருஷம் ஆகும். வருஷத்துக்கு ஒரே ஒரு பிரசவம், ரெண்டு மூணு குட்டி. இதுல ஒரு விசித்திரம்... கரு உருவானதும் உடனே வளராது. பல மாசம் 'பாஸ்' பட்டன் அமுக்கின மாதிரி சும்மா இருந்துட்டு, அப்புறம்தான் கருப்பையில் ஒட்டி வளர ஆரம்பிக்கும். இப்படி நிதானமா பெருகற விலங்கை அவசரப்பட்டுப் பிடிச்சா, மறுபடி 1936-க்கே போயிடலாம்.

அதனாலதான் 'ஒழுங்குபடுத்தின பொறி வேட்டை'ங்கற வார்த்தையில 'ஒழுங்கு'தான் முக்கியம். மிசௌரியில் குளிர்காலத்தில் மட்டும் சீசன். லைசென்ஸ் கட்டாயம். பொறியைக் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள போய்ப் பார்த்தே ஆகணும். பிடிச்ச ஒவ்வொரு நீர்நாயையும் துறையிடம் பதிவு செய்யணும். முதல் சில சீசன்களுக்குப் பிறகு மாநிலத்தையே மண்டலங்களாகப் பிரிச்சு, தொந்தரவு அதிகமான இடத்தில் அதிகம், இல்லாத இடத்தில் குறைவுனு அளவு வைத்தார்கள். பல மாநிலங்களில் பொறிக்காரர்களிடமிருந்து செத்த விலங்கின் பல்லைக் கேட்டு வாங்குகிறார்கள். மரத்தில் வளையம் எண்ணுகிற மாதிரி பல்லை மெலிசா சீவி, மைக்ராஸ்கோப்பில் வளையம் எண்ணினால் வயசு தெரியும். இளசு எத்தனை, கிழடு எத்தனைனு பார்த்தா இனம் ஏறுமுகமா இறங்குமுகமானு ஊகிக்கலாம்.

இன்னொரு நுணுக்கம். நீர்நாய் இருக்கற அதே தண்ணியிலதான் பீவரும் இருக்கு. பீவருக்கு வெச்ச பொறியில நீர்நாய் தெரியாம மாட்டும். தடை இருந்தா, மாட்டினதை யாரும் வெளியே சொல்ல மாட்டாங்க. செத்ததும் கணக்குல வராது. சீசன் இருந்தா கணக்குல வரும். சீசன் வேணும்ங்கறவங்களோட உருப்படியான வாதங்கள்ல இது ஒண்ணு.

மறு பக்கத்துக்கும் உருப்படியான வாதம் உண்டு. குட்டையில தொந்தரவுனா குட்டையிலதானே பிடிக்கணும்? தோலுக்காகப் பொறி வைக்கிறவர், தனக்கு எங்க சுலபமோ அங்க வைப்பார். புகார் கொடுத்த விவசாயியோட குட்டை அப்படியே இருக்கும், நூறு கிலோமீட்டர் தள்ளி யாருக்கும் எந்தத் தொல்லையும் கொடுக்காத நீர்நாய் சாகும். மருந்து ஒரு இடத்துல, நோய் வேற இடத்துல!

பக்கத்துலயே இருக்கற இந்தியானாவைப் பாருங்க. 1995-லிருந்து 1999 வரை 303 நீர்நாய்களை விட்டார்கள். பொறி சீசன் திறந்தது 2015-ல்தான். கடைசி நீர்நாயை விட்டு 16 வருஷம்! அதுவும் ஒரு ஆளுக்கு ரெண்டே ரெண்டு, மாநிலத்துக்கு மொத்தம் 600. அந்த எண்ணிக்கை தொட்டுட்டா கேட் க்ளோஸ். மிசௌரியில் கடைசி விடுவிப்புக்கும் முதல் சீசனுக்கும் நடுவுல வெறும் நாலு வருஷம். அதே விலங்கு, அதே லூசியானா சரக்கு. ஆனா பிரேக் எங்கே இருக்குங்கறதுல எவ்வளவு வித்தியாசம்!

பொறியியல்ல ஒரு பொறி

இப்போ ரெண்டாவது கேள்வி. நான் படிக்கறது பொறியியல். அந்தப் பேருக்குள்ளேயே பொறி உட்கார்ந்திருக்கு! அதனால அந்தச் சாமானையும் பார்த்துடலாம்.

முக்கியமா ரெண்டு வகை. காலைக் கவ்விப் பிடிச்சு வெச்சுக்கறது ஒண்ணு. கழுத்து, மார்புனு உடம்பையே அடிச்சு நசுக்கிக் கொல்றது இன்னொண்ணு. ரெண்டாவது வகையில சதுரமான ரெண்டு கம்பிச் சட்டம், பக்கத்துல ஸ்பிரிங். ஃபிராங்க் கானிபேர்னு ஒரு கனடாக்காரர் வடிவமைச்சது. காலைக் கவ்வும் பொறியில விலங்குகள் படற அவஸ்தையைப் பல வருஷம் தானே பொறிக்காரரா இருந்து பார்த்து, 'சட்டுனு சாகட்டும்'னு அவர் யோசிச்ச மாற்று அது.

1991-ல் ஐரோப்பா, காலைக் கவ்வும் பொறியைத் தடை செய்து சட்டம் போட்டது. அப்படிப் பிடிக்கிற நாடுகளின் தோலும் உள்ளே வரக்கூடாதுனு மிரட்டியது. பேச்சு வார்த்தை நடந்து 1997-ல் கனடா, ரஷ்யாவோடு ஒப்பந்தம், அமெரிக்காவோடு தனியா ஒரு உடன்பாடு. பொறிகளுக்குனு ஒரு டெஸ்ட் வந்தது. கனடாவுல கம்ப்யூட்டர் சிமுலேஷன் எல்லாம் வெச்சுச் சோதிக்கறாங்க. ஸ்பிரிங் விசை, மூடற வேகம், எந்த இடத்துல அடி விழுதுனு எல்லாம் அளக்கறாங்க.

பாஸ் மார்க் என்ன தெரியுமா? கொல்லும் பொறினா, சோதிச்ச விலங்குகளில் குறைஞ்சது 80 சதவிகிதம் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள உணர்வு இழக்கணும். நீர்நாய்க்கு அந்த நேரம் 300 செகண்ட்.

300 செகண்ட். அஞ்சு நிமிஷம். மொபைல்ல ஸ்டாப்வாட்ச் போட்டுட்டு, அஞ்சு நிமிஷம் வேற எதுவும் செய்யாம உட்கார்ந்து பாருங்க. சுலபமா இருக்காது. மீதி 20 சதவிகிதத்துக்கு அந்த அஞ்சு நிமிஷம்கூட கேரண்டி கிடையாது.

இதைச் சொல்றதால அந்த டெஸ்ட்டே வேஸ்ட்னு அர்த்தம் இல்லை. டெஸ்ட்டே இல்லாத காலத்துல நாள் கணக்குல கிடந்து செத்த விலங்குகள் உண்டு. ஆனா, 'தரச் சான்று வாங்கிட்டோம்'ங்கறதும் 'வலி இல்லை'ங்கறதும் ஒண்ணு இல்லை. வலியை அளந்தாச்சு, அவ்வளவுதான். அளந்தது நல்லது. அளந்ததாலேயே அது ஜீரோ ஆயிடாது.

அங்கே எல்லா ஃபைல்லயும் இந்த வேட்டைக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க: 'அறுவடை'. நமக்கு அறுவடைனா நெல்லு, பொங்கல், கரும்பு. கதிர் கத்தாது பாஸ்! கொல்றதைக் கொல்றதுனு சொல்லிட்டே, 'இதனால இதுக்கு அனுமதிக்கறோம்'னு விளக்கினா மரியாதை. அழகான வார்த்தையைப் போத்தி மூடினா, எதிராளிக்கு முதல்ல வர்றது சந்தேகம்தான்.

காவிரிக்கும் ஒரு கனெக்‌ஷன்!

'மிசௌரி எங்கேயோ இருக்கு, நமக்கென்ன?'னு பக்கத்தைப் புரட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்.

மிசௌரி நீர்நாய்த் தோலை வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணணும்னா அதுல ஒரு டேக் இருக்கணும். சைட்டிஸ்ங்கற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் விதி. அந்த நீர்நாய் இனம் அழியற நிலையிலே இல்லையே, அப்புறம் ஏன் டேக்? ஏன்னா, தோலை உரிச்சுட்டா எந்த நீர்நாய் எந்த ஊர்னு கண்டுபிடிக்கறது கஷ்டம். உலகத்துல வேற இடங்களில் ஆபத்துல இருக்கற நீர்நாய்களின் தோலை 'இது அமெரிக்கச் சரக்கு'னு சொல்லி உள்ளே நுழைச்சுடலாம். அதைத் தடுக்கத்தான் அந்த டேக்.

அந்த 'வேற இடங்க'ளில் நம்ம காவிரியும் ஒண்ணு. காவிரியில் வாழறது வழவழப்பான ரோமம் கொண்ட வேற இன நீர்நாய். இந்தியாவில் 1972-ம் வருஷச் சட்டப்படி அதை வேட்டையாடக்கூடாது. 2019-ல் சைட்டிஸ் பட்டியலிலும் உச்சகட்டப் பாதுகாப்புக்கு ஏத்திட்டாங்க. காகிதத்துல எல்லாம் பக்கா. ஆனா 2003 அக்டோபரில் திபெத்தில் பிடிபட்ட ஒரே ஒரு கடத்தல் லோடில் இருந்தவை... 31 புலித் தோல், 581 சிறுத்தைத் தோல், 778 நீர்நாய்த் தோல். டேக் இல்லை, சீசன் இல்லை, எந்த நோட்டிலும் எழுதலை. எந்த ஆத்துல எத்தனை குறைஞ்சதுனு யாருக்கும் தெரியாது.

அங்கே அனுமதி உண்டு, கணக்கும் உண்டு. இங்கே தடை உண்டு, கணக்கு இல்லை. 'அப்போ இங்கேயும் திறந்து விடலாமே'னு குதிக்காதீங்க. எண்ணவே ஆள் இல்லாத இடத்துல திறந்து விட்டா மிச்சமும் காலி. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு விலங்கைக் காப்பாத்தறது அனுமதிங்கற வார்த்தையும் இல்லை, தடைங்கற வார்த்தையும் இல்லை. எண்ணறதுக்கு ஆள் இருக்கானா, எண்ணினதை ஊருக்குச் சொல்றானா... அதுதான்.

தீர்ப்பு... நீங்களே சொல்லுங்க!

என் கருத்தைக் கேட்டா, இனத்தைக் காப்பாத்தறதும் அளவா பிடிக்கறதும் ஒரே நோட்டுல இருக்க முடியும்னுதான் தோணுது. ஆனா மூணு கண்டிஷன்.

முதல் விலங்கைத் திறந்து விடற அன்னிக்கே சொல்லிடணும்: 'இது பெருகினா ஒரு நாள் பொறி வைக்க அனுமதிப்போம், அந்த நாள் எப்போங்கறதுக்கு அளவுகோல் இது.' விளையாடற போட்டோவை மட்டும் காட்டி மக்கள்கிட்ட நல்ல பேரு வாங்கிட்டு, பின்னாடி தோலைக் காட்டினா கோபம் வரத்தான் செய்யும்.

ரெண்டாவது, இந்தியானா மாதிரி சீசனுக்கு முன்னாடியே உச்சவரம்பு அறிவிக்கணும். எண்ணிக்கை முதல்ல, பொறி அப்புறம்.

மூணாவது, 'வலிக்காது'னு பொய் சொல்லக்கூடாது. 300 செகண்டை 200 ஆக்க முடியுமா, 80-ஐ 95 ஆக்க முடியுமானு இன்ஜினீயர்கள் மண்டையை உடைச்சுக்கணும். அது நம்ம டிபார்ட்மென்ட்!

'மூணும் சரி, ஆனா ஒரு நீர்நாயைக்கூடக் கொல்ல எனக்குச் சம்மதமில்லை'னு நீங்க சொன்னா, அதையும் மதிக்கறேன். நான் மேலே சொன்ன ரெண்டாவது கேள்விக்கு அது ஒரு முழு பதில். ஆனா அப்படிச் சொல்றவங்க அடுத்த வரியையும் சேர்த்துச் சொல்லணும்: குட்டை காலியான அந்த விவசாயிக்கு என்ன பதில்? வேலி போடற காசு யார் கொடுக்கறது? சோப்பு வாங்கற பாட்டியா, நீங்களா?

கேன்டீன்ல டீ ஆறறதுக்குள்ள ஒரு ரவுண்டு விவாதிச்சுப் பாருங்க. ஜெயிச்சவங்க பாயின்ட்டை எழுதி அனுப்புங்க. தோத்தவங்க பாயின்ட் இன்னும் சுவாரஸ்யமா இருக்கும், அதையும் அனுப்புங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்... வரட்டா!